5 வாட் ரேடியோவும் கரகரத்த என் குரலும்

விலை குறைந்த 5 வாட் ஹாம் டிரான்ஸீவர் (பொழுதுபோக்கு வானொலியாளர்கள் பேசவும் கேட்கவும் பயன்படுத்தும் ரேடியோ) ஒன்றை வாங்கியதும் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது, ஆனால் "குரல் புரியவில்லை, ஒரே கரகரப்பு" என்றார் எதிர்முனையில் இருந்தவர். மலிவு மைக் என்று அதைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அதன்மேல் தப்பில்லை.

முதலில் பேட்டரி. பேசும்போது 12.6 வோல்ட் 12.3க்குத்தான் இறங்கியது, அது போதும். அடுத்து ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு (சக்தியை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கிவிடும் மின்தடை) மாட்டி, பக்கத்தில் இன்னொரு ரிசீவரை வைத்துக் கேட்டேன். குரல் பளிச்சென்று இருந்தது! ஆன்டெனாவை மாட்டினால் மறுபடி கரகரப்பு. அப்போதுதான் பிடிபட்டது: நான் கட்டியிருந்தது ஒரு முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி, அதாவது அலைநீளத்தில் பாதி நீளமுள்ள, ஒரு நுனியில் மட்டும் கேபிளோடு இணையும் ஆன்டெனா. மின்னோட்டம் திரும்ப வழிதரும் எதிர்க்கம்பி இல்லாததால், ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னலே அந்த வேலையைச் செய்து, ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) மின்னோட்டத்தை ரேடியோவுக்கும் மைக்குக்கும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஆன்டெனாக் கம்பியைக் கோஆக்ஸோடு இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் தரைமுனையில், எதிர்க்கம்பியாக 2 மீட்டர் கம்பி ஒன்றைத் தொங்கவிட்டேன். வெளிப்பின்னலில் வரும் மின்னோட்டத்தைத் தடுக்க, ரேடியோ பக்கம் மெல்லிய கோஆக்ஸை 31 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் 10 சுற்று சுற்றினேன். கரகரப்பு போயே போச்சு.

ரேடியோ எப்படி? இரவில் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிபரப்பு நிலையங்களின் பலத்தில் ரிசீவர் திணறுகிறது. உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் போட்டால் அடங்கும். சக்தி குறைவு எனக்கு உறுத்தவில்லை. 100 வாட்டோடு ஒப்பிட்டால் 13 டெசிபல், அதாவது சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் அலகில் (ஓர் அலகு 6 டெசிபல்) இரண்டுக்குச் சற்று மேல்தான் வித்தியாசம்.