டச்சில் கேள்வி கேட்க: வினையை முன்னே தள்ளுங்கள், 'ட்'டைக் கழற்றுங்கள்

தமிழில் கேள்வி கேட்க ஒரு 'ஆ' போதும், வந்தான் என்பது வந்தானா ஆகிவிடும். டச்சில் அப்படி ஒட்டு கிடையாது, ஆங்கிலத்தில் வரும் 'டூ', 'டஸ்' மாதிரி உதவி வினையும் தேவையில்லை, வினைச்சொல்லைத் தூக்கி எழுவாய்க்கு முன்னால் போட்டால் முடிந்தது. 'ஹெய் வோன்ட் இன் உட்ரெக்ட்' என்றால் அவன் உட்ரெக்ட்டில் வசிக்கிறான். 'வோன்ட் ஹெய் இன் உட்ரெக்ட்?' என்றால் வசிக்கிறானா?

சரி, எல்லாரும் வழுக்கி விழும் இடம் 'நீ'தான். 'யெய் வோன்ட்' என்பதைத் திருப்பிப் போட்டதும் கடைசி 'ட்' உதிர்ந்துவிடும்: 'வோன் யெய் இன் உட்ரெக்ட்?' அவன், அவள் வந்தால் உதிராது. மரியாதையாக 'நீங்கள்' என்று கேட்கும்போதும் உதிராது, 'வோன்ட் உ' தான். ஆனால் 'சிட்டன்' (உட்கார்) போல வேரிலேயே 'ட்' இருந்தால் அதைத் தொடாதீர்கள், 'சிட் யே?' என்றே வரும் ('யே' என்பது 'யெய்'யின் அழுத்தமில்லாத சுருக்கம்).

எங்கே, எப்போது மாதிரி கேள்விச்சொல் இருந்தால் அதுதான் முதலில், உடனே வினை: 'வார் வோன் யே?' (நீ எங்கே வசிக்கிறாய்?) அப்புறம் ஒரு வேடிக்கை, 'ஹூ' என்றால் டச்சில் 'எப்படி', 'யார்' என்பதற்கு 'வீ'. ஆங்கிலப் பழக்கத்தில் நான் இதை எத்தனை முறை மாற்றிக் கேட்டிருப்பேனோ!