ஆமைத்தொட்டிக்கு ஃபில்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் வீடுகளில் ஆமை என்றால் பெரும்பாலும் சிவப்புக்காது ஆமைதான். உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக வரும் அது, வளர்ந்தபின் 20 செ.மீ.யைத் தாண்டிவிடும் என்பதை மறந்து, குட்டியின் அளவுக்கு ஃபில்டர் வாங்குவதே முதல் தவறு. பெட்டியின் மேல் '120 லிட்டர்' என்று அச்சிட்டிருந்தால், அது மீன்கள் வாழும் தொட்டியை மனத்தில் கொண்டு சொன்ன கணக்கு. உண்ணும் நீரிலேயே உணவைக் கிழித்துச் சிதறடித்து, அங்கேயே கழிவையும் விடும் ஆமைக்கு அது போதாது. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் ஏறக்குறைய 120 லிட்டர் ஆகும். அதற்கு 250 முதல் 350 லிட்டர் வரைக்குமான ஃபில்டரைத் தேடுவதே முறை.

தொட்டியின் விளிம்பில் மாட்டும் வகையையும் பலர் யோசிக்காமல் வாங்குகிறார்கள். ஆமைத்தொட்டியில் நீர்மட்டம் தாழ்ந்திருப்பதால் அதன் குழாய் நீருக்கு எட்டாமல் போகலாம். எட்டினாலும், மேலிருந்து விழும் நீரின் சலசலப்பு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய படுக்கையறையில் இரவெல்லாம் கேட்கும். இடமும் பணமும் இருந்தால், தொட்டிக்குக் கீழே வைக்கும், மூடிய கலன் போன்ற கேனிஸ்டர் வகையையே நான் பரிந்துரைப்பேன்.

எனினும், வாங்குவதில் நேரும் பிழைகளைவிடக் கழுவுவதில் நேரும் பிழைகளே அதிகக் கேடு செய்கின்றன. ஃபில்டருக்குள் இருக்கும் பழுப்பேறிய பஞ்சைச் சமையலறைக் குழாயடியில் பிடித்து, தெளிந்த நீர் வரும்வரை பிழிந்தெடுப்பவர் அழுக்கை மட்டும் போக்கவில்லை. கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவையும் கொல்கிறார். நம் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லும் குளோராமின் கலந்திருக்கிறது; அது குளோரினைப் போல ஒரே இரவில் பறந்துவிடாது என்பதால், நீரை வாளியில் பிடித்து மறுநாள் ஊற்றும் பழைய வழக்கம் இங்கே பயன்படாது. குளோராமினை முறிக்கும் மருந்தைச் சேர்த்தபின்பே புதுநீரை ஊற்ற வேண்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாக அலச வேண்டும்.

நீர் தெளிவாக இருப்பதால் தூய்மையாக இருக்கிறது என்றும் கொள்ளக்கூடாது. யூவி (புற ஊதா) விளக்கு பாசியால் வரும் பச்சை நிறத்தைப் போக்கும், ஆனால் அம்மோனியாவைத் தொடாது. அதைச் சோதனைத் துளிகளால் மட்டுமே அறியலாம். புதிய ஃபில்டரில் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், பழையதை உடனே அகற்றாமல், அதுவரை இரண்டையும் ஒரே தொட்டியில் ஓடவிடுவது நல்லது.