துணுக்குக் கார்பன் ஃபைபர் பூச்சு: வீட்டில் செய்யும் முறை, படிப்படியாக

கறுப்புப் பளிங்கில் வெள்ளி நரம்புகள் தாறுமாறாக ஓடுவதைப் போன்ற தோற்றம். கார் உலகில் இதை ஃபோர்ஜ்டு கார்பன் என்பார்கள். 2010 பாரிஸ் மோட்டார் ஷோவில் லம்போர்கினி காட்டிய செஸ்டோ எலமென்டோ காருக்குப் பிறகு இது பலருக்கும் தெரியவந்தது. அசல் பொருளை, நறுக்கிய கார்பன் இழையையும் ரெசினையும் சூடான அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் நசுக்கிச் செய்கிறார்கள். வீட்டில் நாம் செய்யப்போவது அந்தத் தோற்றத்தை மட்டும்: ஏற்கெனவே இருக்கும் பாகத்தின் மேல் துணுக்குகளை ஒட்டி, தெளிவான எபாக்ஸியால் (ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சேர்ந்த கலவை) மூடி, தேய்த்து மெருகேற்றுவது. பாகத்துக்கு இதனால் வலு கூடாது. 1 முதல் 2 மி.மீ. தடிமன்தான் கூடும்.

வேலை நன்றாக வருவது இரண்டு இடங்களில் தீர்மானமாகிறது. அடிப்பூச்சு எந்தப் பதத்தில் இருக்கும்போது துணுக்கைத் தூவுகிறீர்கள் என்பது ஒன்று. தேய்க்கத் தொடங்குமுன் துணுக்குக்கு மேலே எவ்வளவு ரெசின் நிற்கிறது என்பது இன்னொன்று. மற்ற பிழைகளைச் சரிசெய்துவிடலாம். இந்த இரண்டில் தவறியதைக் கவனிக்காமல் மேலே போய்விட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

எந்தப் பாகத்தில் செய்யலாம்

ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஃபைபர் கிளாஸ், உலோகம், மரம், 3டி பிரின்ட் செய்த பாகம் எல்லாம் சரிவரும். பாலிபுரோபிலீன், பாலிஎதிலீன் இரண்டிலும் எபாக்ஸி ஒட்டாது. பாகத்தின் உட்பக்கம் 'பிபி' அல்லது 'பிஇ' என்ற குறி இருந்தால் அதை விட்டுவிடுங்கள். எவ்வளவு சொரசொரப்பாகத் தேய்த்தாலும் பூச்சு பின்னால் தோலாக உரிந்து வரும்.

சிலவற்றில் செய்யவே கூடாது. ஏர்பேக் இருக்கும் மூடியின் மேல் எந்தப் பூச்சும் போடாதீர்கள். அது கிழிந்து திறப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஹெல்மெட்டையும் தொடாதீர்கள், தேய்ப்பதும் கரைப்பான் படுவதும் அதன் ஓட்டைப் பலவீனமாக்கலாம். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலையைத் தடுக்கும். அதனால் ஆன்டெனாவை மூடும் பாகங்களில் செய்தால் சிக்னல் குறையும்.

முதல் முயற்சிக்கு உள்ளங்கை அளவில், லேசான வளைவுள்ள பாகம் ஒன்றை எடுங்கள். கூரிய மூலைகளும் ஆழமான பள்ளங்களும் கை பழகிய பிறகு வரட்டும்.

என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும்

20 × 30 செ.மீ. பாகம் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அடிப்பூச்சுக்கு 20 கிராம் எபாக்ஸி கலவை. துணுக்கு 12 முதல் 15 கிராம். மேலே மூன்று தெளிவுப் பூச்சுகள், ஒவ்வொன்றும் 20 முதல் 25 கிராம். கோப்பையிலும் பிரஷ்ஷிலும் தங்குவதையும் சேர்த்தால் மொத்தம் 100 கிராம் கலவை போதும். பெரிய பாகம் என்றால் பரப்பளவுக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எபாக்ஸி வாங்கும்போது தெளிவானது, புற ஊதாக் கதிரைத் தாங்குவது என்று குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பாலியெஸ்டர் ரெசின் மலிவு. ஆனால் வாடை அதிகம், பிளாஸ்டிக்கில் பிடிமானம் குறைவு, ஆறி இறுகும்போது சுருங்கும்.

துணுக்கை நறுக்கியே வாங்கலாம், அல்லது 12கே (ஒரு கற்றையில் 12,000 இழை) இழைக்கற்றைச் சுருளை வாங்கி நீங்களே நறுக்கலாம். எங்கள் பரிந்துரை இரண்டாவது. கற்றை பட்டையாக இருப்பதால் ஒவ்வொரு துணுக்கும் செதில்போலப் படுத்துக்கொள்ளும். 6 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ. வரை நீளத்தை மாற்றி மாற்றி நறுக்குங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் இயந்திரம் அச்சடித்ததுபோல் தெரியும். துணியை வெட்டிப் பிரித்தால் இழைகள் பஞ்சாக அவிழ்ந்துவிடும். அந்தப் பஞ்சு பளபளக்காது.

இவை தவிர: 0.1 கிராம் வரை காட்டும் தராசு, கறுப்பு எபாக்ஸி நிறமி, மலிவான பிரஷ்கள், மாஸ்கிங் டேப், ஐசோபுரோபைல் ஆல்கஹால், 120 முதல் 2000 வரை உப்புத்தாள், பாலிஷ் காம்பவுண்ட்.

கை, மூச்சு, கண்

எபாக்ஸி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க நிற்கும். லேடெக்ஸ் வேண்டாம், நைட்ரைல் கையுறை போடுங்கள். தோலில் பட்டதை அசிட்டோனால் துடைக்காதீர்கள். அது ரெசினைத் தோலுக்குள் இழுத்துச் செல்லும். சோப்பும் தண்ணீரும் போதும்.

நறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எஃப்எஃப்பி2 தரத்துக்குக் குறையாத முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். கார்பன் தூசி தோலில் ஏறினால் அரிப்பு எடுக்கும். மின்கருவிக்குள் புகுந்தால் ஷார்ட் ஆகும். கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்; கூடியவரை தண்ணீர் விட்டே தேயுங்கள்.

மேற்பரப்பைத் தயார் செய்தல்

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்குங்கள். கழுவாமல் தேய்த்தால் பாலிஷ் மெழுகும் சிலிக்கோனும் கீறலுக்குள் இறங்கிவிடும். பிறகு 120 உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேயுங்கள். கூரிய விளிம்புகளை 2 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள், கார்பன் இழை விறைப்பானது, கூரான மூலையில் மடங்காமல் நிமிர்ந்து நிற்கும். கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஏபிஎஸ் பாகத்தில் அசிட்டோன் வேண்டாம், கரைத்துவிடும்.

மரமாக இருந்தால் மெல்லிய எபாக்ஸி ஒன்றைப் பூசி ஆறவிட்டு, லேசாகத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் மரத்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து, பின்னால் போடும் ஒவ்வொரு பூச்சிலும் குமிழியாக வரும். அலுமினியப் பாகத்தில் அடிப்பூச்சு எங்கும் இடைவெளி விடாமல் இருக்க வேண்டும். கார்பன் நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

பின்பக்கம், திருகு ஓட்டை, கிளிப் இருக்கும் இடம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பாகம் இன்னொன்றுக்குள் இறுக்கமாகப் பொருந்துவதாக இருந்தால், கூடப்போகும் தடிமனுக்கு இப்போதே இடம் விட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு அடிப்பூச்சு

உங்கள் எபாக்ஸியின் விகிதம் எடையில் 100க்கு 30 என்று வைத்துக்கொண்டால், 20 கிராம் கலவைக்கு ரெசின் 15.4 கிராம், ஹார்டனர் 4.6 கிராம். இங்கே ஹார்டனர் ஒரு கிராம் கூடினால்கூட அது 20 சதவீதத்துக்கு மேல் பிழை. சீக்கிரம் ஆறட்டும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள். கூடுதல் ஹார்டனர் சேர்வதற்கு இணை இல்லாமல் உள்ளேயே தங்கும், பூச்சு கடைசிவரை மெத்தென்றே இருக்கும். எடை விகிதமும் கன அளவு விகிதமும் வேறு வேறு. லேபிளில் எது என்று பாருங்கள்.

அளந்த பிறகு கறுப்பு நிறமி 1 கிராம் சேர்த்து, கோப்பையின் பக்கங்களையும் அடியையும் சுரண்டியபடி 2 நிமிடம் கலக்குங்கள். பிறகு மெல்லியதாக, வழியாத அளவில், பாகம் முழுக்கப் பூசுங்கள். கறுப்பு எதற்கென்றால், துணுக்குகளுக்கு இடையே தெரியும் சின்னச் சின்ன இடைவெளிகள் கண்ணுக்குப் படாமல் மறையும். அடர் சிவப்போ நீலமோ போட்டால் அந்த நிறம் இடைவெளிகளில் எட்டிப்பார்க்கும். அதுவும் ஓர் அழகுதான்.

இனி காத்திருக்க வேண்டும். நடுத்தர வேக ஹார்டனரில், 25 டிகிரியில் பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் ஆகும். கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள்: கையுறை விரலால் ஓர் ஓரத்தில் தொட்டால் பிசுபிசுவென்று பிடிக்க வேண்டும், விரல் தடம் பதிய வேண்டும், ஆனால் கையுறையில் கறுப்பு ஒட்டி வரக்கூடாது. அதுதான் பதம். அதற்கு முன்பே தூவினால் துணுக்குகள் கறுப்புக்குள் அமிழ்ந்து, நிறமி மேலேறி, பளபளப்பு செத்துவிடும். தாமதித்தால் ஒட்டாமல் உதிரும். பதம் தாண்டிப் போய்விட்டால் பதற வேண்டாம். ஆறவிட்டு, தேய்த்து, இன்னொரு மெல்லிய கறுப்புப் பூச்சு போட்டு மறுபடி காத்திருக்கலாம்.

துணுக்கைத் தூவுதல்

பாகத்துக்கு அடியில் பெரிய தாளை விரியுங்கள். விழுவதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். துணுக்குகளை விரலால் உதறிப் பிரித்து, 20 முதல் 30 செ.மீ. உயரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிருங்கள். ஒரே பிடியாகப் போட்டால் குவியலாகும். குவியல் விழுந்த இடம் பின்னால் மேடாகி, தேய்க்கும்போது முதலில் அதுதான் வெளியே வரும். செங்குத்தான பக்கங்களுக்குப் பாகத்தைச் சாய்த்து, ஒவ்வொரு முகமாகத் தூவுங்கள்.

முழுதும் மூடியதும் ஒரு பாலித்தீன் தாளை மேலே வைத்து உள்ளங்கையால் நேராக அழுத்துங்கள். இழுக்கவோ தேய்க்கவோ கூடாது. ஒவ்வொரு துணுக்கும் தட்டையாகப் படுத்து, ஒவ்வொரு திசையைப் பார்த்தால்தான் வெளிச்சத்தில் ஒன்று வெள்ளியாகவும் பக்கத்தது கரியாகவும் தெரியும். நிமிர்ந்து நிற்கும் துணுக்கு வெறும் கறுப்பு முடி. தாளை உரித்துவிட்டு, அரை மணி கழித்து விளிம்புகளை மட்டும் மறுபடி அழுத்துங்கள். அங்கே இழை திரும்ப எழும்பியிருக்கும்.

இரவு முழுக்க ஆறவிட்டு, ஒட்டாதவற்றை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நிமிர்ந்திருக்கும் நுனிகளைச் சிறு கத்தரியால் நறுக்குங்கள். இந்தக் கட்டத்தில் தண்ணீர் படவே கூடாது. உலர்ந்த இழை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ரெசினுக்கு அடியில் மங்கலான திட்டாகக் காட்டும்.

தெளிவுப் பூச்சுகள்

முதல் பூச்சு இழைக்குள் இறங்குவதற்கு. பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி வையுங்கள். வெளிறித் தெரியும் இடத்தில் இன்னும் ரெசின் இறங்கவில்லை என்று பொருள். ரெசின் கெட்டியாக இருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்கலாம். தின்னர் மட்டும் ஊற்றாதீர்கள், அது உள்ளே சிக்கிப் பூச்சை மெத்தென்று ஆக்கும். எழும் குமிழிகளை ஹீட் கன்னால் தூரத்திலிருந்து ஓரிரு நொடி வீசி உடையுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்காற்று விரிந்து புதுக் குமிழி வரும்.

முன்னதைப்போலவே விரலில் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் அடுத்த பூச்சு. இந்த இடைவெளிக்குள் போட்டால் இரண்டும் வேதியியலாகவே பிணையும், இடையே தேய்க்க வேண்டாம். நேரம் தவறி முழுதாக ஆறிவிட்டால் வெந்நீரும் ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவி, 240 தாளால் தேய்த்த பிறகே போடுங்கள். கழுவுவது ஏனென்றால், ஈரப்பதமான காற்றில் சில எபாக்ஸிகளின் மேல் மெழுகுபோன்ற படலம் வரும்; அதன் மேல் பூசினால் ஒட்டாது.

ஒவ்வொரு பூச்சுக்கும் தேவையானதை மட்டும், அகன்ற கோப்பையில் கலக்குங்கள். அதிகமாகக் கலந்து குறுகிய கோப்பையில் விட்டால் அதுவே சூடேறிப் புகையும். பூசிய இடத்தில் வட்ட வட்டமாக ரெசின் விலகினால் எண்ணெயோ சிலிக்கோனோ மிச்சம் இருக்கிறது. ஆறிய பின் தேய்த்து, துடைத்து, மறுபடி பூசுவதே வழி.

மூன்றாவது பூச்சு ரப்பர் பதத்தில் இருக்கும்போதே டேப்பை உரியுங்கள், விளிம்பில் தொங்கும் சொட்டுகளைக் கூரிய பிளேடால் சீவுங்கள். மறுநாள் என்றால் டேப்போடு பூச்சும் பெயரும்.

தேய்ப்பும் மெருகும்

தேய்க்குமுன் 24 மணி நேரம் ஆறுவது கட்டாயம், 48 என்றால் நல்லது. உப்புத்தாளில் ரெசின் உருண்டை உருண்டையாக அப்பினால் இன்னும் ஆறவில்லை. 240 தாளைக் கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டு, மேடுபள்ளம் சமமாகும்வரை தேயுங்கள். பள்ளங்கள் பளபளப்பான புள்ளிகளாகத் தெரியும். அவை மறைந்தால் சமம். கழுவும் தண்ணீர் வெள்ளையாக இருக்கும்வரை ரெசினைத் தேய்க்கிறீர்கள். கறுக்கத் தொடங்கினால் இழையைத் தொட்டுவிட்டீர்கள். உடனே நிறுத்தி, உலர்த்தி, துடைத்து, இன்னொரு தெளிவுப் பூச்சு போடுங்கள். விளிம்புகளில் ரெசின் தானாகவே மெலிந்து நிற்கும். அங்கே கட்டையை விட்டுவிட்டு விரலால் மென்மையாகத் தேயுங்கள்.

பிறகு 400, 800, 1200, 2000. ஒவ்வொன்றிலும் திசையை மாற்றுங்கள். முந்தைய கீறல் முழுதாக மறைந்த பிறகே அடுத்த தாள். காம்பவுண்ட் போட்டு இயந்திரத்தால் மெருகேற்றினால் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். அறை வெப்பத்தில் ஆறிய எபாக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்.

வெயிலில் நிற்கும் பாகத்துக்கு மெருகோடு வேலை முடியாது. தாங்கும் என்று எழுதிய எபாக்ஸிகூட நாளடைவில் மஞ்சளாகும். 2000 வரை போகாமல் 800லேயே நிறுத்தி, மேலே 2கே (ஹார்டனரோடு கலந்து அடிக்கும் இருபாக) யூரித்தேன் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு மிகக் கெடுதல், வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள்; தேய்த்த பாகத்தைக் கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள்.