பழைய காரின் ஸ்டியரிங் பழுது: எங்கே ஆட்டம், எங்கே இறுக்கம் என்று கண்டறிந்து சரிசெய்தல்

வடசென்னையில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பல ஆண்டுகளாக ஓடிவரும் கார்களில் ஸ்டியரிங் விரைவில் தளர்வதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது. கண்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த சாலைகள் ஒவ்வொரு இணைப்பையும் அடித்து அசைக்கின்றன. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் முனை இணைப்பான டை ராடு எண்டின் ரப்பர் உறையில் (பூட்) ஒரு சிறு கிழிசல் விழுந்தாலும் போதும், மழைநீரும் மணலும் உள்ளே சென்று கிரீஸைக் கெடுத்துவிடுகின்றன. அதன்பின் உள்ளிருக்கும் உருண்டை தேய்ந்து ஆட்டம் காணத் தொடங்குகிறது. இந்த நிலையில் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசென்றால், பெரும்பாலும், ஸ்டியரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் ஸ்டியரிங் ரேக்கையே மாற்றச் சொல்கிறார்கள். ஆட்டம் எந்த இணைப்பில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதிசெய்யும் வரை எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஸ்டியரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பவில்லை என்றாலோ, ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் சிக்கிக்கொண்டாலோ, அந்த வண்டியை அடுத்த தெரு வரைகூட ஓட்டக் கூடாது. முன்சக்கரங்கள் தரையில் படாதபடி டோயிங் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் இரு பக்கமும் டிரெய்லர்கள் நெருங்கி வரும்போது, சக்கரம் ஓட்டுநரின் கைக்கு அடங்காமல் போனால் ஒதுங்குவதற்கு இடமே இருக்காது.

சோதனையைத் தரையிலிருந்தே தொடங்கலாம். முன்டயர்களின் காற்றழுத்தத்தை முதலில் சரிபாருங்கள். காற்றுக் குறைவாக இருந்தாலே ஸ்டியரிங் கனமாகும். பிறகு சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கை விரல்களால் மெல்ல அசைத்து, சக்கரம் நகரத் தொடங்கும் முன் விளிம்பு எவ்வளவு தூரம் வெறுமனே நகர்கிறது என்று அளந்து பாருங்கள். சிறிய கார்களில் இது பொதுவாக 30 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும்; உங்கள் வண்டியின் கையேட்டில் குறித்துள்ள அளவே இறுதியானது. அளவு மிஞ்சினால், வீட்டில் ஒருவரை உள்ளே அமரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டச் சொல்லி, நீங்கள் பானட்டைத் திறந்தும் கீழே குனிந்தும் ஒவ்வொரு இணைப்பின் மீதும் கைவைத்துப் பாருங்கள். எந்த இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையத் தாமதிக்கிறதோ, அங்கேதான் தேய்மானம் இருக்கிறது. சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்கும்போது செய்வதால், ஜாக்கியில் தூக்கிய நிலையில் மறைந்துவிடும் ஆட்டமும் இதில் தெரிந்துவிடும்.

அடுத்து, கெட்டியான சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது. சக்கரத்தின் இடது, வலது ஓரங்களைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதென்றால் டை ராடு எண்ட் அல்லது ரேக்கோடு டை ராடு சேரும் இடமான ரேக் எண்டைச் சந்தேகிக்கலாம். மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது தெரிந்தால் அது சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் அல்லது சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங். அந்த நேரத்தில் உதவியாளர் பிரேக்கை அழுத்தியதும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்தான் காரணம்.

டை ராடு எண்ட் மாற்றுவதைப் பொறுமையுள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம். முதலில் டை ராடு எண்டை அசையாமல் பிடித்துவைக்கும் லாக் நட்டைச் சிறிது தளர்த்தி, அது நின்ற இடத்தை மரைமீது பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரப் பக்கத்து நட்டு கழலாமல் காக்கும் ஸ்பிலிட் பின்னை எடுத்து, அந்த நட்டை முழுவதும் கழற்றாமல் ஓரிரு மரையில் விட்டுவைத்து, இணைப்பைப் பிரித்தெடுக்கும் புல்லர் கருவியைப் போட்டு விடுவியுங்கள். புல்லர் இல்லையென்றால், சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளில் அந்த இணைப்பு அமர்ந்திருக்கும் துளையைச் சுற்றிய பகுதியின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிடி விட்டுவிடும், மரையின்மீது அடிக்காதீர்கள். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். அந்த நட்டை இறுக்கியபின், நட்டில் உள்ள வெட்டும் ஸ்பிலிட் பின் நுழையும் துளையும் நேராக அமையாவிட்டால், நேராகும் வரை இன்னும் சற்று இறுக்க வேண்டுமேயன்றித் தளர்த்தக் கூடாது. ஸ்பிலிட் பின் எப்போதும் புதியதாகவே இருக்கட்டும். தேய்ந்த பால் ஜாயிண்டை வெல்டிங் வைத்து ஒட்டித் தருவதாக யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இரும்பின் உறுதி கெட்டு, திரும்பும் வேளையில் எந்த முன்னறிவிப்புமின்றி முறியக்கூடும்.

ஆட்டம் இல்லாமல் இறுக்கம் மட்டும் இருந்தால் தேடும் இடம் வேறு. ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை பிடித்துப் பிடித்து விடுகிறதென்றால், ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் (கோணத்தில் திரும்பும் இணைப்பு) துருவேறியிருக்க வாய்ப்பு அதிகம். கடலோரத்தில் நிறுத்தப்படும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் என்றால் பெல்ட்டின் இறுக்கத்தையும் ஆயில் மட்டத்தையும் பாருங்கள். ஆயில் குறைந்தும் வெளியே கசிவு தெரியாவிட்டால், ரேக்கின் ரப்பர் உறையைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்துங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ரேக்கின் சீல் போய்விட்டது என்று பொருள். அவசரத்திற்குக்கூட பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள், அது சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டி வியாசர்பாடிப் பக்கத்துச் சுரங்கப்பாதை வெள்ளத்தில் நின்றுவிட்டு, பிறகு ஸ்டியரிங் விளக்கு எரிந்தால், மோட்டாரை மாற்றுவதற்கு முன் ஃபியூஸையும் எர்த் ஒயரின் பிடிமானத்தையும் கனெக்டர்களில் படிந்த பச்சைக் களிம்பையும் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். அது குறைந்தாலும் ஸ்டியரிங் கனமாகும். ஓடும் வண்டியில் என்ஜின் நின்று ஸ்டியரிங் கனமாகிவிட்டால், அது வேலை செய்யாமல் போய்விட்டதென்று பதறாமல் இரு கைகளாலும் பலமாகத் திருப்பி ஓரம் கட்டுங்கள்; வண்டி நிற்கும் முன் சாவியை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ரேக்கை மாற்றியே ஆக வேண்டுமென்ற நிலையில் பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ரேக் வாங்குவதானால், இரு பக்க ரப்பர் உறைகளையும் விலக்கி, ரேக்கின் தண்டில் துருப்பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கையால் நகர்த்தும்போது எங்கும் சிக்கக் கூடாது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்த பிறகே நெடுஞ்சாலைக்குச் செல்லுங்கள். சில நாள்கள் ஓட்டியபின் லாக் நட்டுகளை ஸ்பேனர் வைத்து மீண்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.