பொங்கலுக்கு வந்த கிழங்கை அன்றே நடாதீர்கள்

தென்மாவட்டங்களில் பொங்கல் படையல் என்றால் கிழங்கு இல்லாமல் இருக்காது. சேனை, சேம்பு, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, கூடவே, கொடியில் ஏறும் வள்ளிக்கிழங்கான பெருவள்ளியில் ஒரு துண்டு. படையலில் மிஞ்சியதையோ, சொந்தக்காரர் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்ததையோ பார்த்ததும் "நாமும் ஒன்று நட்டால் என்ன?" என்று தோன்றும். தை முடிவதற்குள் நட்டு, தினமும் தண்ணீரும் ஊற்றுவோம். மூன்று வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் உள்ளே கொழகொழவென்று அழுகிக் கிடக்கும்.

நானும் இதைச் செய்தவன்தான், அதுவும் இரண்டு வருடம். மூன்றாம் வருடம்தான் விஷயம் புரிந்தது. தோண்டியெடுத்த வள்ளிக்கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும். அந்த நாட்களில் எத்தனை குடம் ஊற்றினாலும் முளைக்காது. ஈரத்தில் அழுகத்தான் செய்யும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். பங்குனிவாக்கில் தோலில் சின்னதாகக் குமிழ் தட்டும், அப்போது நட்டால் போதும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிரிட்ஜில் வைப்பது இன்னொரு தவறு. வெப்பமண்டலக் கிழங்கு இது. 10, 12 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே கறுத்துக் கெட்டுப்போகும், விதைக்கு உதவாது.

அடுத்த குழப்பம் பெயரால் வருவது. சர்க்கரைவள்ளி, மரவள்ளி, பெருவள்ளி மூன்றுக்கும் வால் ஒன்றுதானே என்று ஒரே குடும்பமாக நினைத்துவிடுகிறோம். சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அவை வருவதற்கு முன்பே இங்கே இருந்தது கொடியில் ஏறும் இந்த வள்ளி. சர்க்கரைவள்ளிக்குக் கொடியை நறுக்கி நடுகிறோம், மரவள்ளிக்குக் குச்சியை நடுகிறோம், இதற்குக் கிழங்கையே நட வேண்டும். எதிர்வீட்டு அக்கா ஒருமுறை, நான் இல்லாத நேரத்தில் என் பெருவள்ளிக் கொடியில் நாலு முழம் அறுத்துக்கொண்டு போய் வரப்புக் கட்டி நட்டுவிட்டார். "சீனிக்கிழங்கு அப்படித்தானே தம்பி வரும்?" என்றார். அவருக்கும் வரவில்லை, எனக்கும் அந்த வருடம் பாதிக் கொடி போனது.

கிழங்கை நறுக்கும்போதுதான் பெரிய தப்பு நடக்கிறது. பெருவள்ளிக்குத் தலை உண்டு, வால் உண்டு. கொடி ஒட்டியிருந்த பக்கம் தலை. முளை முதலில் வருவதும் வீரியமாக வருவதும் அங்கேதான். நாம் என்ன செய்கிறோம்? தலையைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, வால் துண்டை "விதைக்கு வச்சுக்கோங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம். வாங்கியவர் இரண்டு மாதம் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விதைத் துண்டு 200 முதல் 250 கிராமாவது இருக்கட்டும். தோல் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் முளை தோலை ஒட்டித்தான் கிளம்பும். ஊதாநிறப் பெருவள்ளியான ராசவள்ளியை வெட்டினால் வெட்டுவாயில் ஊதாச்சாறு பிசுபிசுவென்று கசியும். அதில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு அப்பினால் கொஞ்ச நேரத்தில் சாம்பல் ஊறி நிறம் மாறிவிடும். நிழலில் ஒருநாள் உலர்ந்து, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்தபின் நடுங்கள்.

சேனையில் கதை வேறு. அதற்கு நடுவில் ஒரே முளை. கேக் வெட்டுவதுபோல நடுவிலிருந்து ஓரம்வரை வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அந்த முளை வட்டத்தில் கொஞ்சம் இருக்கும்படி பார்க்க வேண்டும். ஓரத்துத் துண்டை மட்டும் நட்டு ஏமாந்தவர்கள் அதிகம்.

பெருவள்ளிக்குக் குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம் இருந்தால் நல்லது. குழியின் முக்கால்வாசிக்கு மட்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் நிரப்பி, மேலே மண்ணைக் குவித்து, அதில் நட்டுக் காய்ந்த இலையால் மூட வேண்டும். சித்திரை வெயிலில் அந்த மூடாக்கு இல்லையென்றால் முளை மண்ணுக்குள்ளேயே வெந்துவிடும். மாடியில் சின்னப் பையில் பெருவள்ளி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கிழங்கு கீழே இறங்கத் தேடும், இடமில்லாமல் பையின் வடிவத்துக்கே சப்பிப் போய்விடும். பைதான் வசதி என்றால் சிறுவள்ளியை வையுங்கள். அது மண்ணுக்குள் கொத்துக்கொத்தாகக் கிழங்கு வைப்பது, ஆழம் அதிகம் கேட்காது. கொடியே ஏற வேண்டாம் என்பவர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீ தன்யா' என்று ஒரு குட்டை ரகம் வெளியிட்டிருக்கிறது. ஆப்பிரிக்க வெள்ளைவள்ளி வகை அது.

கொடியைத் தரையில் படரவிடாதீர்கள். முளைத்த இரண்டு வாரத்துக்குள் பிடிமானம் கொடுத்துவிட வேண்டும். பூவரசு, கிளுவை எதுவானாலும் சரி, வெயில் கிடைத்தால் போதும். சுட்டெரிக்கும் சுவரில் மட்டும் ஏற்றாதீர்கள். ஐப்பசி மழையில் இலை கரும்புள்ளி விழுந்து கருகினால் அது ஒரு பூஞ்சை நோய். கருகிய இலையை அங்கேயே போடாமல் அப்புறப்படுத்துங்கள், அந்தக் கொடியின் கிழங்கை விதைக்கு எடுக்காதீர்கள். மார்கழியில் இலை மஞ்சளாகிக் கொடி காய்வது நோய் இல்லை. செத்துவிட்டது என்று பதறித் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கிழங்கு தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

பகிர்வதில் நான் கறாராக இருக்கும் இடம் ஒன்று உண்டு. தான் சமைத்துச் சாப்பிடாத கிழங்கை யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடியில் உருளைக்கிழங்குபோலக் காய் தொங்கும் காய்வள்ளியில் சாப்பிடும் ரகமும் உண்டு, கசந்து நஞ்சாகும் காட்டு ரகமும் உண்டு. கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பெருவள்ளியிலும் காய் தொங்கும், ஆனால் அதன் தண்டை விரலில் உருட்டினால் நாலு பக்கமும் சிறகுபோல விளிம்பு தட்டுப்படும். காய்வள்ளித் தண்டு உருண்டை. ஒரே காம்பில் மூன்று இலையும் தண்டில் முள்ளுமாகக் காட்டில் கண்ட கொடியைத் தோண்டி வரவே வேண்டாம். அதில் ஒரு வகை கடும் விஷம். மலைவாழ் மக்கள் காட்டுக்கிழங்கைச் சீவி ஓடும் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறவைத்து நஞ்சை நீக்கத் தெரிந்தவர்கள். யூடியூபில் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. வேண்டாத காய்களை ரோட்டோரம் வீசுவதும் தப்பு, விழுந்த இடத்தில் முளைக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் காய்வள்ளி மரங்களையே மூடும் களையாகிவிட்டது.

கொடுப்பதற்கு முன் கிழங்கின் மடிப்புகளைப் பாருங்கள். பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. பிரஷ்ஷால் தேய்த்து நீக்காமல் கொடுத்தால் கிழங்கோடு பூச்சியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். தபாலில் அனுப்புவதென்றால் பாலித்தீன் பையில் கட்டாதீர்கள். இரண்டே நாளில் வியர்த்துப் புளித்துவிடும். செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போடுங்கள். வெளிநாட்டுக்குப் பெட்டியில் மறைத்து எடுத்துப்போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். ஊதாவா வெள்ளையா, எந்த ஊரிலிருந்து வந்தது, அரிக்குமா என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். தலைப்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறியும் போட்டுவிட்டால், வாங்கியவர் அதைத் தலைகீழாக நட்டுவிட்டு உங்களுக்குப் போன் செய்ய மாட்டார்.