ஆறாவது லெவலில் ஆள் ஓடிய கதை

நான் செய்த நிறம் சேர்க்கும் புதிர் விளையாட்டை எல்லாரும் ஆறாவது லெவலிலேயே மூடினார்கள். ஒன்பது நாள் மண்டை காய்ந்தது.

கஷ்டமோ என்று லெவலை எளிதாக்கினேன். இன்னும் சீக்கிரம் மூடினார்கள். தினப் பரிசையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரே நாளில் சேர்த்தேன். மடத்தனம். எண்ணிக்கை லேசாக ஏறியது, ஆனால் எதனால் என்று எப்படித் தெரியும்? இரண்டையும் கழற்றினேன்.

அப்புறம் பெங்களூரு அல்சூரில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறியபோது சித்தி பையனிடம் போனைக் கொடுத்தேன். ஒரு கையில் கம்பி, மறு கைக் கட்டைவிரலில் ஆட்டம், சத்தம் ம்யூட்டில். ஆறாவது லெவலில்தான் முதல் தொடர் வெடிப்பு வரும். அதற்கு நான் வைத்திருந்த ஒரே அடையாளம் ஒரு மணிச்சத்தம்! “இப்ப என்னண்ணா ஆச்சு?” என்றான்.

தொட்டு சுமார் 100 மில்லி வினாடிக்குள், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், பதில் வந்தால் நம் விரலால் உடனே நடந்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். ஆகவே வெடிப்புக்குக் கட்டம் குலுங்குவதையும் சின்ன வைப்ரேஷனையும் மட்டும் சேர்த்தேன். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. புதியது கிடைத்தவர்களில் பெரும்பாலோர் ஏழாவது லெவலுக்குப் போனார்கள். அப்பாடா. தினப் பரிசை இன்னும் திரும்பச் சேர்க்கவில்லை.