அரசுப் பள்ளி மைதானத்தில் மெட்டல் டிடெக்டர்: அனுமதி வாங்குவதும் மண்ணைக் கெடுக்காமல் தேடுவதும்

அரசுப் பள்ளி மைதானத்தில் மெட்டல் டிடெக்டரோடு இறங்க நியாயமான காரணம் இரண்டுதான். ஒன்று, யாரோ தொலைத்த நகையைத் தேடுவது. ஆண்டு விழா, மருத்துவ முகாம், வாக்குச்சாவடி, மாலை நடைப்பயிற்சி என்று ஊரே புழங்கும் இடம் அது. கம்மலும் மோதிரமும் கொலுசும் விழத்தான் செய்யும். இரண்டாவது, பந்தல் பிரித்த பிறகு மண்ணில் தங்கிவிட்ட ஆணியையும் கட்டுக்கம்பித் துண்டையும் எடுப்பது. வெறுங்காலோடு கபடி ஆடும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. பழைய காசு கிடைக்குமா என்று பார்க்கப் போவதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது, கீழே வரும்.

எந்த வேலையாக இருந்தாலும் முதலில் கையில் இருக்க வேண்டியது கடிதம். வேலூர்ப் பக்கம் யாராவது குனிந்து மண்ணைக் கிளறினால் போதும், ‘புதையல் எடுக்கிறாங்க’ என்ற பேச்சு அரை மணி நேரத்தில் தெருவைச் சுற்றிவிடும். கூட்டம் கூடும், வி.ஏ.ஓ. வருவார், காவல் நிலையத்திலிருந்து ஆள் வருவார். அப்போது முத்திரையிட்ட தாளை நீட்ட முடியாவிட்டால் உங்களுக்கு மட்டுமல்ல, உள்ளே விட்ட தலைமையாசிரியருக்கும் சங்கடம். பிடி சார் வாய்மொழியாகச் சரி என்று சொன்னது அனுமதி ஆகாது.

யாரிடம் கேட்பது என்பது பள்ளியைப் பொறுத்தது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். இடம் ஒன்றியத்தைச் சேர்ந்தது என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரு நகல் வேண்டும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதி, முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்ப வேண்டும். மாநகராட்சிப் பள்ளிக்கு ஆணையர். அரசு உதவி பெறும் பள்ளியில் நிலம் பெரும்பாலும் நிர்வாகத்தின் கையில் இருக்கும். அங்கே தாளாளரின் கையெழுத்து இல்லாமல் தலைமையாசிரியரின் சம்மதம் மட்டும் போதாது.

இந்த ஊருக்கே உரிய ஒரு தடுமாற்றம் உண்டு. பெரியவர்கள் இன்னும் வட ஆற்காடு என்கிறார்கள். நடுவயதினர் ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாவற்றையும் வேலூர் மாவட்டம் என்றே சொல்கிறார்கள். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டையில், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில். பழைய நினைப்பில் வேலூர் அலுவலகத்துக்கு எழுதினால் கடிதம் மேசை மேசையாக அலையும். தொலைத்த நகை அதுவரை மண்ணின் மேலே காத்திருக்காது.

பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதில் பெரும்பாலோர் பெற்றோர். ஊரில் கிளம்பும் வதந்தியை முதலில் அடக்கக் கூடியவர்கள் அவர்கள்தான்.

கடிதத்தில் குறைவாகக் கேளுங்கள். மைதானம் முழுக்கத் தேட வேண்டும் என்று எழுதினால் எந்த அலுவலரும் தயங்குவார். இப்படி எழுதலாம்:

“பொருள்: பள்ளி மைதானத்தில் தொலைந்த தங்கக் கம்மலைத் தேட அனுமதி கோருதல். கொடிக்கம்பத்துக்குக் கிழக்கே, வேப்பமரம் வரை உள்ள சுமார் 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகல இடத்தில் மட்டும், வரும் ஞாயிறு காலை 6 மணி முதல் 9 மணி வரை மெட்டல் டிடெக்டர் கொண்டு தேட அனுமதிக்க வேண்டுகிறேன். 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் மண்ணைத் தொட மாட்டேன். கிளறிய மண்ணை அன்றே மூடி, நீர் தெளித்து, மிதித்துச் சமன் செய்து தருவேன். கிடைக்கும் எந்தப் பொருளையும் தங்களிடமே காட்டிப் பட்டியலில் கையெழுத்திடுவேன். பள்ளி சார்பில் ஒருவர் உடனிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டு படி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது பெற்றுக்கொண்டதற்கான அடையாளம் மட்டுமே. அனுமதி என்று தனியாக எழுதித் தர வேண்டும். தேதி முடிவானதும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுங்கள். மறுத்துவிட்டால் மேலிடத்துக்கு ஓட வேண்டாம். ‘நாங்கள் தோண்டவே மாட்டோம், சிக்னல் வரும் இடத்தைக் காட்டுகிறோம், பள்ளி ஆளே கிளறிப் பார்க்கட்டும்’ என்று கேட்டுப் பாருங்கள். மறுப்பவர்களின் அச்சம் பெரும்பாலும் கருவி மேல் இல்லை, குழி மேல்தான்.

இனி சட்டம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, கிடைத்த இடம், தேதி. பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கலெக்டர் கேட்கும்போது கொண்டுவர ஜாமீன் தர வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்து ரூபாய் என்ற வரம்பு அந்தக் காலத்தது; இன்றைக்கு ஒரு நவாப் காலத்துச் செப்புக்காசே அதைத் தாண்டிவிடும். நூறாண்டு தாண்டிய காசும் சிலையும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி தொல்பொருள். அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். காசு வேட்டையை ஏன் ஒதுக்கினோம் என்பதற்கு இதுவே விளக்கம். அடுக்கிய காசு, பானை விளிம்பு, சிலையின் ஒரு பகுதி கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எடுக்கவும் துடைக்கவும் வேண்டாம். இருந்த மேனிக்குப் படம் எடுத்து, மண்ணால் மூடி, தலைமையாசிரியரையும் வி.ஏ.ஓ.வையும் தாசில்தாரையும் அழையுங்கள். ஒரு பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் ஆய்வாளருக்குத் தேவையான பாதிச் செய்தி இருக்கிறது. பிடுங்கி எடுத்தால் அது போய்விடும்.

நேற்று விழுந்த மோதிரம் வேறு கணக்கு. அதற்கு உரியவர் இருக்கிறார். அதை வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 314-ஆம் பிரிவின்படி குற்றம்.

வேலூர்க் கோட்டை, வள்ளிமலைச் சமணக் குகை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கட்டுமானத்துக்காக வகுத்த எல்லைதான் இது. ஆனாலும் அந்த 300 மீட்டருக்குள் இருக்கும் பள்ளியில் கருவியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

கருவிக்கு வருவோம். தியேட்டர் வாசலில் உடலைத் தடவிப் பார்க்கும் கைக்கருவி இதற்கு உதவாது; மண்ணிலிருந்து வரும் சிக்னலைக் கழித்துவிடும் வசதி (கிரவுண்ட் பேலன்ஸ்) அதில் இல்லை. தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று ஆன்டெனா கம்பியோடு விற்கப்படுவது முழு மோசடி. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். 9 முதல் 11 அங்குல ‘காயில்’ (தரைக்கு மேல் வீசும் தட்டு) உள்ள, கிரவுண்ட் பேலன்ஸ் செய்யக்கூடிய சாதாரண வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண்) கருவி போதும். கூடவே ஒரு பின்பாயின்டர் (பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவி), ஹெட்போன், களைக்கொத்து, மண் கொட்ட ஒரு சாக்கு, ஆணி போட ஒரு டப்பா.

இங்குள்ள செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். கிரவுண்ட் பேலன்ஸ் செய்யாமல் வீசினால் வெறும் மண்ணே கத்தும். உலோகம் இல்லாத இடம் ஒன்றைப் பார்த்து, காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு இரண்டு விரல் மேல் வரை ஏற்றி இறக்குங்கள். ஒலி ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வரும் வரை சரிசெய்யுங்கள். ஏரி மண்ணும் கிராவலும் கொட்டி மேடாக்கிய மைதானத்தில் பத்தடிக்கு ஒரு தரம் மண் மாறும். அங்கே திரும்பச் செய்ய வேண்டும். மின்கம்பிக்குக் கீழே கருவி படபடத்தால் சென்சிட்டிவிட்டியை இரண்டு படி இறக்குங்கள்.

தேடலுக்கு முன் செய்ய வேண்டிய மிக நல்ல வேலை ஒன்று உண்டு. தொலைந்தது ஒரு கம்மல் என்றால் மற்ற காதின் கம்மலைக் கேட்டு வாங்குங்கள். நூலில் கட்டி, அதே மைதான மண்ணின் மேல் வைத்து, காயிலை வீசி, திரையில் வரும் எண்ணை (உலோகம் எந்த வகை என்பதற்கான குறிப்பு) குறித்துக்கொள்ளுங்கள். தங்கம் எப்போதும் உயர்ந்த எண் காட்டாது. சிறு கம்மல் மாத்திரை அட்டையின் அலுமினியத்தோடு ஒட்டியே வரும். மோதிரம் பல நேரம் பழைய அலுமினியப் பைசாவின் பக்கத்தில் நிற்கும். அதனால் நகை தேடும்போது டிஸ்கிரிமினேஷனை (சில எண்களைக் குப்பை என்று ஒதுக்கிச் சத்தம் போடாமல் விடும் வசதி) அணைத்துவிடுங்கள். ‘குப்பை’ என்று ஒதுக்கும் எண்ணில்தான் தங்கம் ஒளிந்திருக்கும். மெல்லிய சங்கிலி இன்னும் கடினம்: ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு துண்டாகத்தான் கருவிக்குத் தெரியும். கொக்கியோ டாலரோதான் சத்தம் கொடுக்கும். அதனால் மெலிந்த ஒலியையும் விடக் கூடாது.

சுண்ணாம்புப் பொடியால் ஒரு மீட்டர் அகலத்தில் கோடு போடுங்கள். இரும்பு முளை அடிக்காதீர்கள். காயிலைத் தரைக்கு இணையாக வைத்து, முந்தைய வீச்சில் பாதி மேல் படும்படி மெதுவாக நகருங்கள். வீச்சின் இரு முனையிலும் கை தானாக மேலே எழும்பும். பொருள் தப்புவது பெரும்பாலும் அங்கேதான். முடிந்ததும் குறுக்குவாட்டில் ஒரு தரம் போங்கள். செங்குத்தாக நிற்கும் மோதிரம் ஒரு திசையில் பேசாமல் மறு திசையில் பேசும்.

புதிதாக விழுந்த நகை ஒரு விரல் ஆழத்துக்கு மேல் போயிருக்காது, நடுவில் மழையோ டிராக்டரோ வராதவரை. ஆகவே பின்பாயின்டரும் விரலுமே போதும். ஆணி பொறுக்கும்போது 10 செ.மீ. வரை போக வேண்டிவரும். சித்திரை, வைகாசியில் மண் கல்லாக இறுகிவிடும். கடப்பாரை போடாமல், ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் ஊறவிட்டுக் களைக்கொத்தால் எடுங்கள். எடுத்த மண் சாக்கின் மேல்தான் விழ வேண்டும். பொருள் வெளியே வந்த பிறகும் குழியில் ஒரு தரம் பின்பாயின்டரை விட்டுப் பாருங்கள். பம்பரத்து ஆணிக்குக் கீழே இன்னொன்று இருப்பது சகஜம். பிறகு பாதி மண் போட்டு மிதித்து, நீர் தெளித்து, மீதியைப் போட்டு மீண்டும் மிதியுங்கள். ஒரே மூச்சில் மூடினால் அடுத்த மழையில் பள்ளம் விழுந்து, ஓடும் பிள்ளையின் கணுக்கால் மடங்கும்.

நீளமாக, ஒரே கோட்டில் தொடரும் சிக்னல் குழாயோ போர்வெல் மோட்டாருக்குப் போகும் கேபிளோதான், தொடாதீர்கள். கட்டடச் சுவரை ஒட்டி வருவது எர்த் கம்பியாக இருக்கும். இவை போகும் தடத்தை வாட்ச்மேனிடமோ பிடி சாரிடமோ முன்பே கேட்டுக் கோடு போட்டுவிட்டால் குழப்பமில்லை.

முடிந்ததும் ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள்: கிடைத்த நகை, காசு எத்தனை, ஆணி எத்தனை. தலைமையாசிரியரும் நீங்களும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு படி. நகையை உரியவரிடம் நேராகக் கொடுக்காமல் பள்ளி வழியாகவே கொடுங்கள். ஜோடிக் கம்மலையோ ரசீதையோ பார்த்துவிட்டு அவர்கள் ஒப்படைப்பார்கள். கிடைக்காமல் போனால் தேடிய சதுரத்தை வரைந்து அதே தாளில் சேர்த்துவிடுங்கள். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் பதமாக இருக்கும்போது, அடுத்த சதுரத்துக்கு அனுமதி கேட்க அந்த வரைபடம் வேண்டும்.